மிதப்பில் சுட்ட மீன்வால்

தங்கச்சிமடம்,
09.01.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் தங்கை கிறிஸ்ரினா எழுதுகிறேன். தொலைபேசியில் அழைத்திருக்கலாம். அழைத்தால் நீங்கள் முழங்குவீர்கள், நான் அழுவேன், யாரேனும் ஒருவர் துண்டித்துவிடுவோம். உங்கள் மகன் றோயின் வலையை எங்கள் கரைப் படகொன்று அறுத்த ஆண்டில் அப்படித்தான் நம் பேச்சும் அறுந்தது. கடிதமென்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

என் மகன் ஜெனிஸ்ரனை இலங்கைக் கடற்படையினர் பிடித்துவிட்டார்கள். நெடுந்தீவுக்கு அப்பால், அவன் வேலைக்கு ஏறிய விசைப்படகோடு சேர்த்துப் பிடித்தார்களாம். படகு எங்களுடையதன்று, அவன் கூலிக்குப் போனவன். முன்பொருமுறை பிடிபட்டு எச்சரிக்கையோடு திரும்பியவன் என்பதால், இம்முறை சிறைத்தண்டனை உறுதி என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது, வழக்கு முடியும்வரை, யாழ்ப்பாணச் சிறையில் விளக்கமறியலில் இருக்கிறான். உங்கள் வீட்டிலிருந்து மிதிவண்டியில் போய்வரும் தூரம்.

அவன் உங்களைக் கண்டதில்லை. ஆனால் உங்களை நன்றாக அறிவான். விசைப்படகுகள் இழுக்கும் மடிவலைக்கு எதிராக நீங்கள் ஆற்றும் பேச்சுகளைக் கைப்பேசியில் பார்ப்பான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் நின்று, உங்களைப் போலவே கையை உயர்த்துவான். "அம்மா, உங்க அண்ணன் ஒருநாளாவது மெதுவாப் பேசியிருக்காரா?" என்று கேட்பான். "ஓமடா, என்னைப் படகிலை ஏத்தின அண்டைக்கு" என்பேன்.

இரண்டு வேண்டுதல்கள். அவனைப் போய்ப் பாருங்கள். அடுத்தது, சிறையிலிருப்போர்மீது ஊரைத் தூண்டிவிடும் கூட்டத்தில் நீங்கள் மேடை ஏறாதீர்கள். அவ்வளவுதான்.

கச்சத்தீவுப் பெருவிழாவுக்கு இம்முறை பெயர் கொடுத்திருக்கிறேன். அந்தோனியார் கோவில் வாசலில் உங்களைக் காண முடியுமானால், தொண்ணூறாம் ஆண்டு போருக்குத் தப்பி நான் இக்கரை வந்த பிறகு அதுவே முதல்முறை.

உங்கள் தங்கை,
கிறிஸ்ரினா

•

குருநகர்,
28.01.2024

அன்புத் தங்கைக்கு,

உன் மடல் கிடைத்தது. இடைமறிக்காமல் படித்தேன். இப்போது நீ இடைமறிக்காமல் படி.

றோய் இன்று கடலில் இல்லை. காலையில் பலாலி வீதிப் பேருந்தில் ஏறி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குச் செல்கிறான். கட்டட வேலையில் சீமெந்து குழைக்கிறான். மூன்றாம் முறை வலை அறுந்தபோது அவன் கரைநெடுக நடந்தான். கரையொதுங்கிய வலை மிதப்புகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் கொட்டினான். ஒவ்வொன்றிலும் அப்பு இரும்புக் கம்பியைக் காய்ச்சிச் சுட்ட அடையாளம்: மீன்வால், அதன் கீழே ஒரு கோடு. யார் வலை எதுவென்று கடலில் அறிவதற்காக நம்மைப் பெற்ற அப்பு வைத்த அடையாளம் அது. தன் வலை எங்கே அழிந்தது என்று பிள்ளைக்குத் தெரிவிக்கத்தான் அது பயன்பட்டது.

நீ கச்சத்தீவைப் பற்றி எழுதியிருக்கிறாய். உங்கள் கரைச் சுவர்களில் 'மீட்போம்' என்று எழுதுகிறார்களாம். யாரிடமிருந்து யார் மீட்பது? சேதுபதிகள் தம் உடைமை என்றனர். பறங்கியர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர். ஆங்கிலேயர் இரு கரையையும் ஆண்டதால் கோடு எங்கே என்பது பற்றி அவர்களுக்கே பெரிய கவலை இருக்கவில்லை. பின்னர் எழுபத்துநான்கில் இரண்டு தலைநகரங்கள் கையொப்பமிட்டன. கோடு கடலில் விழுந்தது. இத்தனை கைமாற்றத்திலும் ஒருவனேனும் மீனவனிடம் கேட்டானா? கேட்கவில்லை! ஆனால் கோடு விழுந்த பின்னர், அதைத் தாண்டி வந்து என் மகனின் வாழ்வை வாரிச் சென்றது மன்னனுமன்று, மந்திரியுமன்று. நம் மொழி பேசும் நம் உறவே வாரிச் சென்றது. இதைச் சொல்லாமல் இருப்பதற்காகவா எனக்கு நாக்கு?

வெள்ளிக்கிழமை ஊர்வலம். கடற்றொழிலாளர் சங்கங்கள் என்னையே பேச அழைத்திருக்கின்றன. உன் மகன் பெயரை நான் சொல்லமாட்டேன். பேசாமலும் இருக்கமாட்டேன்.

சிறைக்கு நான் செல்லவில்லை. சென்றால் ஊர் பார்க்கும். உன் மச்சாள் செபஸ்தியம்மா சென்றிருக்கிறாள். எனக்குச் சொல்லாமலே சோறு கட்டிக்கொண்டு போய்வந்த பிறகுதான் அறிந்தேன்.

"ஆரைக் கேட்டுப் போனனீர்?" என்றேன்.

"ஆரைக் கேக்கோணும்? உங்கடை கடலை நீங்கள் வைச்சிருங்கோ. என்ரை மச்சாளின்ரை பிள்ளையை நான் பாக்கிறன்."

அதன்பின் அந்த வீட்டில் நான் ஒலிவாங்கி இல்லாத பேச்சாளன்.

உன் அண்ணன்,
அடைக்கலநாதன்

•

தங்கச்சிமடம்,
20.02.2024

அண்ணைக்கு,

கேட்டேன். ஊர்வலத்தில் நீங்கள் பேசியதை முழுவதும் கேட்டேன். எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டார்கள்.

பெயர் சொல்லவில்லைதான். "இரண்டாம் முறை எல்லை தாண்டியவனுக்கு இரக்கம் காட்டாதே!" என்றீர்கள். அந்த ஊர்வலம் சிறைச்சாலை வீதியால் சென்றது என்பதை மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன். உள்ளே இருந்தவனுக்குக் கேட்டிருக்கும். உங்கள் குரல் மதிலுக்கு நிற்கிற குரலா?

ஆறு மாதம் தீர்ப்பாகிவிட்டது. நீங்கள் பேசியதால் நீதிபதி தீர்ப்பளித்தார் என்று சொல்லுமளவுக்கு நான் பேதையல்லள். சட்டம் தன் வழியில் சென்றது. ஆனால் சட்டம் என் அண்ணன் அன்று.

உங்கள் வரலாற்றில் சிலவற்றை விட்டுவிட்டீர்கள். குருநகரிலும் இழுவைமடி இழுத்தவர்கள் இருந்தார்கள். அதை உங்கள் மேடையில் ஒருநாளும் கேட்டதில்லை. எந்தக் கடற்படைக்கு அஞ்சி என்னைப் பாயால் மூடிப் படகில் ஏற்றினீர்களோ, அதே கடற்படையை இன்று "விழித்திரு, விரட்டு" என்று அழைக்கிறீர்கள். அதையும் கேட்டேன். நான் பழிக்கவில்லை. றோயின் வலை அறுந்தால் நானும் அழைத்திருப்பேன். ஆனால் அழைக்கும்போது குரல் கொஞ்சம் இடறியிருக்கும்.

அப்புவின் அடையாளம் எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தீர்களா? ஜெனிஸ்ரன் முதன்முதலில் விசைப்படகில் ஏறப்போன நாளில், அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் அந்த மீன்வாலை வரைந்தேன். "இதைக் கண்ட இடத்தில் மடி இழுக்காதே. அது உன் மாமன் வீடு" என்றேன். சுவரை என் வீட்டுக்காரர் இருமுறை வெள்ளையடித்தார். நான் இருமுறை திரும்ப வரைந்தேன்.

தண்டனையைக் கண்டித்து இங்கே படகுகள் கட்டிவைக்கப்பட்டுள்ளன. பெருவிழாவுக்கும் எவரும் செல்வதில்லை என்று முடிவாகியிருக்கிறது. நான் தனியே நீந்தி வர முடியாது. இந்தக் கடிதம் உங்கள் கையில் சேரும்போது திருநாள் முடிந்திருக்கும்.

நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

கிறிஸ்ரினா

•

குருநகர்,
16.03.2024

தங்கச்சி,

உன் கடிதம் வருமுன்னரே நான் தீவுக்குச் சென்று மீண்டிருந்தேன். உங்கள் படகுகள் வரமாட்டா என்று செய்தியில் கேட்டிருந்தும், சென்றேன். உங்கள் மக்கள் வந்திறங்கும் பக்கம் வெறும் மணலாகக் கிடந்தது. சிலுவைப்பாதையில் எம் குரல்கள் மட்டுமே ஒலித்தன. மறுமொழிப் பாட்டை உங்கள் பக்கம் பாடும் வழக்கமல்லவா? பாட ஆளின்றி, ஒவ்வொரு நிலையிலும் நாங்கள் ஒருகணம் பழக்கத்தால் நிறுத்தினோம். பிறகு நாங்களே பாடிக்கொண்டோம். இருதரப்பு மீனவர் கூட்டத்தில் ஆற்றவென்று நான் எழுதிவைத்திருந்த உரை சட்டைப்பையில் வியர்வையில் நனைந்து கிழிந்தது.

திரும்பியதும் சிறைக்குச் சென்றேன். செபஸ்தியம்மா ஒன்றும் கேளாமல் சோற்றுப் பொதியை என் கையில் தந்தாள்.

கம்பிவலைக்கு அப்பால் வந்து நின்றவனுக்கு அப்புவின் நெற்றி. என்னை உற்றுப் பார்த்தான். நெஞ்சை நிமிர்த்தினான், வலக்கையை உயர்த்தினான், என் குரலிலேயே முழங்கினான்: "கடலன்னை பெற்றெடுத்த என் உடன்பிறப்புகளே!"

காவலர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை என்று எழுதத்தான் விரும்புகிறேன்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. உள்ள பொழுது போகணும்ல. 'இரக்கம் காட்டாதே'ன்னு நீங்க சொல்ற இடம் இருக்கே, அதத்தான் திரும்பத் திரும்பப் பேசச் சொல்றாங்க."

"ஆர் சொல்லுறது?"

"கூட இருக்கிற நம்ம படகு ஆளுங்கதான். அத நான் பேசிக் காட்டினா மட்டுந்தான் அவங்க என்னோட சிரிப்பாங்க. மத்தபடி பேசுறதில்ல."

ஏனென்று கேட்டேன். றோய் மச்சான் என்ன செய்கிறார் என்றான். மாமியின் மீன்குழம்பில் பழப்புளி கூடுதல் என்றான். கடைசியில், குனிந்துகொண்டு சொன்னான்.

"விடியுற நேரம் மாமா. மடி இழுத்துக்கிட்டிருந்தோம். முன்னாடி மிதப்பு வரிசை. அதுல மீன்வால். அடுக்களைச் சுவத்துல அம்மா வரைஞ்ச அதே வால். நிறுத்துங்கன்னு கத்துனேன். ஓட்டுறவர் கேக்கல. நானே பாஞ்சு எஞ்சினை நிறுத்திட்டேன். மடியத் தூக்கிச் சுருட்டித் திரும்புறதுக்குள்ள நேவி வந்துருச்சு. இப்ப, 'உன் மாமன் வலைக்காக எங்க எல்லாரையும் உள்ள தள்ளிட்ட'ன்றாங்க. அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு. நியாயந்தானே?"

தங்கச்சி, நான் மேடைகளில் ஒருநாளும் சொல் தேடி நின்றவனல்லன். அங்கே நின்றேன். ஏனெனில் சொல்ல வேண்டியிருந்தது இது:

"அது றோயின்ரை வலை இல்லைத் தம்பி. மிஞ்சின வலையையும் மிதப்புகளையும் அவன் கொலின்ஸ் எண்ட பொடியனுக்குக் குடுத்திட்டான். எங்கடை தெருப் பொடியன். உன்ரை வயசுதான்."

"சரி. அவன் வலையாச்சும் முழுசாத் தப்பிச்சுச்சே" என்றான்.

கொலின்ஸைத் தேடிச் சென்று கேட்டேன். மேடை ஏறியதிலிருந்து ஊருக்கு நான் மாஸ்ரர். "ஓம் மாஸ்ரர், அண்டைக்குச் சுத்தி நிண்டவையின்ரை வலையெல்லாம் நார்நாராப் போச்சு. என்ரை மட்டும் தப்பினது. அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொழுத்தினவ" என்றான். அவனிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன்

•

தங்கச்சிமடம்,
29.03.2024
பெரிய வெள்ளி

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அடுக்களைக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். இனி வெள்ளையடிக்கமாட்டாராம்.

ஆனால் என்னிடம் சொன்னது போதாது. இங்கே பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்கள் குழாயடியில் எனக்கு முகங்கொடுப்பதில்லை. அங்கே உங்கள் ஊரார் அவனைக் கடற்கள்ளன் என்கிறார்கள். இரண்டு கரையிலும் என் மகனுக்கு ஆளில்லை. நீங்கள் முழக்கமிட்டது ஊருக்கு முன்னால். சொல்வதானால் அங்கேயே சொல்லுங்கள்.

சொன்னால் என்ன இழப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

கிறிஸ்ரினா

•

குருநகர்,
19.05.2024

தங்கச்சி,

சொல்லிவிட்டேன்.

சங்கத்தின் பொதுக்கூட்டம் கடற்கரையில் நடந்தது. வழக்கம்போல என்னை அழைத்தார்கள். வழக்கம்போல வரலாற்றில் தொடங்கினேன். சேதுபதி, பறங்கியர், ஒல்லாந்தர் என்று வந்துகொண்டிருந்தவன் இடையில் நிறுத்தினேன். "சிறையிலிருப்போரில் ஒருவன் என் உடன்பிறந்தவளின் மகன். இரக்கம் காட்டாதே என்று நான் சொன்னது அவனைத்தான். அவன் நம் வலையொன்றைக் கண்டு எஞ்சினை நிறுத்தியதால் பிடிபட்டவன்" என்றேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். பிறகு தொடங்கினார்கள்.

"இப்பதான் சொந்தம் ஞாபகம் வந்ததோ, மாஸ்ரர்?"

"எவ்வளவு நாளா மறைச்சு வைச்சிருந்தனீங்கள்?"

"மைக்கை வாங்குங்கோடா!"

எல்லாவற்றுக்கும் மறுமொழி வைத்திருந்தேன். பின்வரிசையிலிருந்து கொலின்ஸ் எழுந்தான். எனக்குத் துணைநிற்பான் என்று எண்ணினேன். தப்பிய வலை அவனுடையதல்லவா? அவன் அமைதியாகத்தான் கேட்டான்.

"என்ரை வலை தப்பினது உங்கடை மீன்வாலாலை எண்டு இப்பதான் தெரியும். அந்தப் பொடியனுக்கு நன்றி. ஆனா மாஸ்ரர், பக்கத்திலை வலை அடிபட்ட எமில்ராஜ் அண்ணையின்ரை மிதப்பிலை மீன்வால் இல்லை. சொந்தக்காரன்ரை அடையாளம் இருந்தால்தான் நிப்பாட்டுவினமோ? மற்றவை என்ன செய்யிறது?"

ஒலிவாங்கியை நானே கீழே வைத்துவிட்டு இறங்கினேன்.

இனிச் சங்கத்துக்காக ஜெயசுதன் பேசுவான். இளைஞன், நன்றாகப் பேசுகிறான். என் வாக்கியங்களையே பேசுகிறான். 'இரக்கம் காட்டாதே' என்ற இடத்தில் என்னைப் போலவே கையை உயர்த்துகிறான். கேட்டுக்கொண்டு நிற்பது கடினமாயிருக்கிறது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இழுவைமடி கடலின் அடிவயிற்றை வழித்தெடுக்கும் தொழில் என்ற என் சொல்லை நான் மீளப்பெறவில்லை, பெறவும் மாட்டேன். கொலின்ஸின் கேள்வியை ஜெனிஸ்ரனிடம் அப்படியே சொன்னேன். அன்று அவன் யாரையும் போலப் பேசிக்காட்டவில்லை.

அண்ணன்

•

தங்கச்சிமடம்,
08.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். கொழும்புவரை நீங்கள் கூடச் சென்றதையும், விமான நிலைய வாசலில் மச்சாள் அவனுடைய பைக்குள் பனங்கட்டியைத் திணித்ததையும் சொன்னான். வழிநெடுக நீங்கள் ஒன்றுமே பேசவில்லையாம். "மாமா மெதுவாக்கூடப் பேசலம்மா" என்றான்.

வந்த மூன்றாம் நாள் முதலாளி ஆளனுப்பினார். விசைப்படகில் இனி ஏறமாட்டேன் என்றுவிட்டான். நான் மகிழவில்லை, அண்ணை, அச்சமாயிருந்தது. அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. ஏனடா என்று கேட்டேன்.

அடுக்களைச் சுவரைக் காட்டினான். "ஒரு வால்தான் இங்க இருக்கு. கடல்ல எத்தனை பேர் வலை இருக்கு? எல்லார் அடையாளத்தையும் சுவத்துல வரைய முடியாதும்மா. அதான் மடியையே விட்டுட்டேன். அந்தக் கொலின்ஸ் கேட்டதுக்கு என்கிட்ட வேற பதில் இல்ல" என்றான்.

இப்போது ஒரு நாட்டுப்படகில் சிறுவலைக்குப் போகிறான். வருமானம் பாதிகூட இல்லை. அவனோடு சிறையிலிருந்த ஒருவர் முந்தாநாள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவர் மனைவி இன்னும் வரவில்லை.

சொந்தமாகக் கொஞ்சம் வலை கட்டத் தொடங்கியிருக்கிறான். மிதப்புகளில் எதைச் சுடுவது என்று என்னிடம் கேட்டான். நான் என்ன சொல்ல? அடையாளம் அப்புவுடையது. அவருக்குப் பின் அது உங்களுடையது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தங்கை,
கிறிஸ்ரினா

•

குருநகர்,
15.02.2025

அன்புத் தங்கைக்கு,

பங்குனியில் பெருவிழா. இம்முறை உங்கள் படகுகள் வருகின்றன என்று பங்குத்தந்தை சொன்னார். நீயும் ஜெனிஸ்ரனும் பெயர் கொடுத்துவிட்டதாகச் செபஸ்தியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னாயாம். என்னோடு பேசாமல் வைத்துவிட்டாயாம். நன்று. நமக்குக் கடிதமே பாதுகாப்பு.

ஜெயசுதன் வந்திருந்தான். தீவின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரும்படி கேட்டான். யார் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற வரிசை எனக்கு மனப்பாடம்; ஒரு மாலையில் எழுதிக் கொடுத்தேன். இறுதியில் ஒரு பத்தி கூட்டினேன். கோட்டுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவன், ஒரு விடியற்காலையில், மிதப்பொன்றைக் கண்டு எஞ்சினை நிறுத்தினான் என்று. "இதை வெட்டிவிடட்டே மாஸ்ரர்? சனம் ஏத்துக்கொள்ளாது" என்றான். உன் விருப்பம் என்றேன். வெட்டிவிட்டான் என்றே நினைக்கிறேன்.

கொலின்ஸும் எங்கள் படகில் வருகிறான். தன் கேள்விக்கு வந்த மறுமொழியை ஜெனிஸ்ரனின் வாயாலேயே கேட்க வேண்டுமாம். றோயும் வேலைக்கு விடுப்பெடுத்திருக்கிறான். நேற்று முற்றத்தில் பழைய மிதப்பொன்றைக் கையில் வைத்து நெடுநேரம் உருட்டிக்கொண்டிருந்தான்.

நீ கேட்டதற்கு மறுமொழி இதுதான். ஜெனிஸ்ரனிடம் சுடாத மிதப்பொன்றை எடுத்துவரச் சொல். அப்புவின் கம்பியை நான் கொண்டுவருகிறேன். நெருப்புக்குக் குறைவிராது, கஞ்சி காய்ச்சும் அடுப்பு எரியும். முதல் மிதப்பை அங்கே என் கையால் சுடுவேன். பிறகு கம்பியை அவன் கொண்டுபோகட்டும். றோயும் நானும் பேசித்தான் முடிவெடுத்தோம். கோட்டுக்கு இருபுறமும் ஒரே மீன்வால் மிதந்தால் எந்தத் தலைநகரம் வந்து பிரித்துப் பார்க்கும்?

ஒரு சிக்கல் உண்டு. இறங்குதுறையில் கடற்படையினர் பைகளைச் சோதிப்பார்கள். இரும்புக் கம்பி எதற்கு என்று கேட்பார்கள். அப்புவுக்கு எழுதத் தெரியாது. சங்கத்தில் ஒப்பம் கேட்டபோதெல்லாம் இந்த மீன்வாலைத்தான் கீறினார். ஆகவே, இது எங்கள் தகப்பனின் கையெழுத்து என்று சொல்வேன்.

அவர்கள் நம்பாவிட்டால், உன் வரிசையில் நின்றபடியே நீ உரக்கச் சொல். எனக்கு அன்று குரல் எழும்பாது போலிருக்கிறது.

அண்ணன்,
அடைக்கலநாதன்